இணையவழிக் கல்வியும் எழுத்துத் திருட்டும்



இங்கு பிறம்ரனில் பல வீடுகளில் கல்லூரி வகுப்பு சமையலறை மேசையிலேயே நடைபெறுகின்றது. ஆசிரியர் அருகில் இல்லை. பிறர் எழுதிய பந்திகளோ கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன.

ரொறன்ரோ மாவட்டப் பாடசாலைச் சபை கனடாவிலேயே பெரியது. அதன் பணிப்பாளராக இருந்த கிறிஸ் ஸ்பென்ஸ் 2013 சனவரியில் பதவி விலகினார். பாடசாலை விளையாட்டுக்களைப் பற்றி நாளிதழில் எழுதிய கட்டுரையில் பிறர் எழுத்தைத் தமதாக்கியிருந்தார். பிள்ளைகளுக்கு நேர்மையைக் கற்பிக்கவேண்டிய நாற்காலி அது!

சொற்களை மாற்றிவிட்டால் போதும் என இளையோர் பலர் எண்ணுகின்றனர். போதாது. கருத்து பிறருடையதெனில் அவர் பெயர் வேண்டும். தொல்காப்பியரே முன்னோர் கருத்தை 'என்ப' எனச் சுட்டியன்றோ உரைத்தார்? வாசிக்கும்போதே ஆசிரியர் பெயர், தலைப்பு, இணைய முகவரி, பார்த்த நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் அப்பக்கத்தை மூடிவிட்டு உங்கள் சொல்லில் எழுதுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. அக்காவின் பழைய கட்டுரையைத் தம்பிக்குக் கொடுப்பதை நாம் உதவி என்கிறோம். கல்லூரி விதிகளோ கொடுத்தவரையும் குற்றவாளியாகவே கொள்வன. அக்கா பட்டம் பெறும் தறுவாயில் நிற்கையில், விசாரணைக் கடிதம் இருவர் பெயருக்கும் வரக்கூடும்.