இரத்தம் வராத முரசை நம்ப வேண்டாம்

(எமது மாதாந்த ஆலோசனைக் கூட்டத்தில் தொண்டர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்குப் பல் விஷயம் கதைக்கப் போறன். "கேஸே முடியாமல் கிடக்கு, அதுக்குள்ள பல்லோ?" எண்டு சிலர் சிரிக்கிறது தெரியுது. ஆனால் எங்களிடம் வருகிறவர்களில் ஊரில் நாளுக்கு இரண்டு சிகரெட் குடித்தவர் இங்கே பத்துக் குடிக்கிறார். நேர்காணல் கடிதம் எப்ப வரும் எண்டு தெரியாது, வேலை செய்ய அனுமதி இல்லை, நித்திரையும் இல்லை. காரணம் எனக்கு விளங்குது. ஆகவே நான் ஏச வரவில்லை.

படிப்பிச்ச பழக்கம், ஒரு கேள்வி கேட்காமல் விடமாட்டன். பல் விளக்கும்போது உங்கள் முரசில் இரத்தம் வருகுதோ? புகைக்கிற கனபேர் "இல்லை, என்ரை முரசு நல்லாத்தான் இருக்கு" எண்டு சொல்லுவினம். அங்கேதான் பிழை. முரசு நோயின் முதல் எச்சரிக்கை இரத்தக் கசிவு. சிகரெட்டில் உள்ள நிக்கொட்டின் முரசின் சின்ன இரத்தக் குழாய்களைச் சுருக்கி விடுகிறது. உள்ளே நோய் இருந்தாலும் இரத்தம் வராது, வீக்கமும் பெரிசாகத் தெரியாது. மணி அடிக்காத பள்ளிக்கூடம் மாதிரி, நேரம் போறது ஒருத்தருக்கும் தெரியாது.

இதற்கிடையில் பல்லில் படியும் அழுக்கு காரையாக இறுகி முரசின் கீழே இறங்கும். கிருமியை எதிர்க்கிற உடம்பின் சக்தியையும் புகை குறைக்கும். முரசு பல்லை விட்டு விலகும், பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். கரைந்த எலும்பு தானாக வளராது. வாய் நாற்றம், பல் நீண்டது போலத் தெரிவது, பல்லுக்கிடையில் புது இடைவெளி, பல் ஆடுவது, சீழ் இவையெல்லாம் பிந்தி வரும் அறிகுறிகள்.

"எனக்குச் சூத்தைப் பல் ஒண்டும் இல்லை" எண்டு ஆறுதல்படவும் வேண்டாம். எங்கட நாட்டிலேயே இதற்குச் சான்று இருக்கு. ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டு ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1970 தொடக்கம் 1985 வரை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்து வந்தார்கள். பல் மருத்துவம் கிடைக்காத மக்கள் அவர்கள். சூத்தை அநேகமாக இல்லை. ஆனாலும் 8 வீதமானவர்களுக்கு முரசு நோய் வேகமாக முற்றி, நாற்பது வயதளவில் பாதிக்கு மேற்பட்ட பற்கள் போய்விட்டன. 81 வீதமானவர்களுக்கு மிதமான வேகத்தில் முற்றியது. 11 வீதம் பேர்தான் தப்பினார்கள். நீங்கள் எந்தக் கூட்டம் எண்டு பார்த்துச் சொல்ல ஏலாது. புகை, அந்த நோயை இன்னும் தூண்டிவிடும்.

வெத்திலையோடு புகையிலை போடுகிறவர்களுக்கும் இதே கதைதான், அதோடு வாய்ப் புற்றுநோய் அபாயமும் உண்டு. வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும். வாயில் மூன்று கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு இருந்தால் காத்திருக்காமல் காட்டுங்கள்.

இப்ப ஒரு முக்கியமான விஷயம். புகையை விட்ட சில கிழமைகளில் முரசில் இரத்தம் கூட வரலாம். "விட்டதால்தான் வருத்தம் வந்தது" எண்டு நினைச்சுத் திரும்பப் பத்த வைக்கிறவை இருக்கினம். அப்படியில்லை. குழாய்கள் மீண்டு, மறைந்திருந்த நோய் வெளியே தெரியுது. அந்த நேரத்தில் விளக்குவதை நிறுத்தாமல், மெதுவான பிறஷால் காலையும் இரவும் விளக்கி, பல் டொக்டரிடம் காரை எடுப்பியுங்கள். பல் பிடுங்கினாலும் குறைந்தது மூன்று நாள் புகைக்க வேண்டாம், புண் ஆறாமல் கடும் வலி வரும்.

காசு பற்றிப் பயப்படுகிறீர்கள். இங்கிலாந்தில் ஹோம் ஒபிஸ் ஆதரவில் இருக்கிறவர்களுக்கு எச்.சி.2 என்ற சான்றிதழ் கிடைக்கும். மற்றவர்கள் எச்.சி.1 படிவம் நிரப்பி விண்ணப்பிக்கலாம். அது இருந்தால் என்.எச்.எஸ். பல் சிகிச்சையும் மருந்துச் சீட்டும் இலவசம். காலாவதித் திகதியைப் பாருங்கள். சான்றிதழ் இல்லாமல் "எனக்கு இலவசம்" எண்டு கையெழுத்து வைத்தால் 100 பவுண்ட் வரை தண்டம் வரலாம். என்.எச்.எஸ். நோயாளிகளை எடுக்கிற பல் டொக்டரைக் கண்டுபிடிக்கிறது கஷ்டம்தான், பல இடத்துக்குப் ஃபோன் அடிக்க வேண்டி வரும். தாங்க முடியாத வலி, வீக்கம் என்றால் 111க்கு அழையுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேணும் எண்டு முதலே கேளுங்கள், அதற்குக் காசு இல்லை.

பல் டொக்டர் உங்கள் கேஸைத் தீர்மானிக்கிறவர் அல்ல, புகைக்கிறதை மறைக்காதீர்கள். தடுப்பில் அடிபட்டுப் பல் உடைந்தவர்கள் மட்டும், அந்தப் பல்லைப் பிடுங்க முன்னர் சொலிசிட்டரிடம் சொல்லுங்கள்.

புகையை விட நிக்கொட்டின் பட்டியும் மருந்தும் உண்டு, ஜீ.பி.யிடமோ பார்மசியிலோ கேளுங்கள். எச்.சி.1 படிவம் நிரப்ப உதவி வேண்டுபவர்கள் ஹோம் ஒபிஸ் கடிதத்தையும் கொண்டு எங்கள் மேசைக்கு வாங்கோ.