பத்து நிமிடப் புழு



திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வணிகம் செய்யும் நம்மவர், இரவில் கடையைப் பூட்டியபின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தே வீடு திரும்புவர். கணக்குகள் கணிப்பொறிக்குள் புகுந்துவிட்ட இந்நாளில், இழுத்துப் பார்க்க வேண்டிய பூட்டு இன்னொன்றும் உண்டு. 2003 ஜனவரி 25 அன்று உலகம் அதை உணர்ந்தது.

மைக்ரோசாப்டின் எஸ்.க்யூ.எல். சர்வர் 2000 என்னும் தரவுத்தள மென்பொருளில் ஒரு துளை இருந்தது. வரும் செய்தி, அதற்கென ஒதுக்கிய இடத்தினும் நீண்டதா என்று அது பார்ப்பதில்லை. மிகுதி வழிந்து அடுத்த இடத்தில் விழும். விழுந்ததைக் கட்டளையென்றே இயந்திரம் நிறைவேற்றும். கடவுச்சொல் வேண்டியதில்லை; எந்நாட்டிலிருந்தும் அனுப்பலாம். தன்னைத்தானே படியெடுத்துப் பரவிய 'ஸ்லாமர்' புழுவின் அளவு 376 பைட்டுகளே. என் பேச்சினும் சிறியது! பத்து நிமிடத்தில், அத்துளையுள்ள கணிப்பொறிகளில் பெரும்பாலானவற்றை அது பற்றிக்கொண்டது. அவை குறைந்தது 75,000. தென்கொரியாவில் இணையம் முடங்கியது. அமெரிக்காவில் ஒரு பெருவங்கியின் பணப்பொறிகள் பல பணம் தர மறுத்தன.

துளையை அடைக்கும் திருத்தமோ 2002 ஜூலையிலேயே வெளிவந்துவிட்டது. பலர் அதை இடவில்லை. தயாரித்த நிறுவனத்தின் சொந்தக் கணிப்பொறிகள் சிலவும் அகப்பட்டன என்றால் பிறரை என்ன சொல்வது? வேறு மென்பொருளுடன் சேர்ந்து வந்ததால், தம்மிடம் அது இருப்பதையே அறியாதோரும் இருந்தனர்.

அப்புழு ஏடுகளை அழிக்கவில்லை. வழியை அடைத்ததோடு நின்றது. 2024 ஏப்ரல் இறுதியில் இந்நகரின் மண்டலப் புற்றுநோய் மையத்தில் நிகழ்ந்தது வேறுவகைத் தாக்குதல். கதிர்வீச்சுச் சிகிச்சையே சில நாள் தடைப்பட்டது. நாகர்கோவிலிலிருந்து வந்து, வாடகை அறையில் தங்கி, தம் முறைக்குக் காத்திருப்போருக்குச் சில நாள் என்பது சிறு காலமா?

உங்கள் கணக்கு மென்பொருளுக்குக் கடைசியாகத் திருத்தம் இட்டது எந்நாள் என்று, அதை அமைத்துத் தந்தவரை நாளையே கேளுங்கள்.