இளவரசி என்ன வேலை பார்த்தாங்க?

போன எபிசோடுல பின்னாடி கடகடன்னு ஒரு சத்தம் வந்துச்சே, அது என்னன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. சரக்கு ரயில். எங்க வீடு கும்மிடிப்பூண்டியில, தண்டவாளத்துக்கு ரெண்டு தெரு தள்ளி. இன்னைக்கும் வரும், பொறுத்துக்கோங்க.

இன்னைக்கு வேற்றுக்கிரக இளவரசிகளைப் பத்திப் பேசப்போறேன்.

2013 நவம்பர் 5, மதியம் 2.38. ஸ்ரீஹரிகோட்டாவில இருந்து மங்கள்யான் கிளம்புச்சு. எங்க ஊருக்கு அது பக்கம்தான், நடுவுல பழவேற்காடு ஏரி. நான் அப்போ ப்ளஸ் ஒன். அந்த வருஷம் செவ்வாய்னு பேர் இருந்த எதைப் பார்த்தாலும் படிச்சேன். அப்படிக் கையில கிடைச்சதுதான் எட்கர் ரைஸ் பர்ரோஸ். டார்ஜான் எழுதினாரே, அவரேதான். 1912-ல ஒரு அமெரிக்கப் பத்திரிகையில தொடரா வந்து, 1917-ல புத்தகமா வந்த கதை. அமெரிக்காவில இருந்து ஜான் கார்ட்டர்னு ஒரு சிப்பாய் எப்படியோ செவ்வாய்க்குப் போயிடறான். அங்க ஹீலியம் நாட்டு இளவரசி தேஜா தோரிஸைப் பார்க்கறான். காதல், கத்திச் சண்டை, கடத்தல், மறுபடியும் கத்திச் சண்டை. செவ்வாய்ப் பெண்கள் முட்டை போடுவாங்க. ஆமா, சீரியஸாத்தான் சொல்றேன், கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு முட்டையும் வருது.

அட்டைப்படங்களைப் பார்த்தா தேஜா தோரிஸ்னா நகை மட்டும் போட்ட ஒரு அழகி, அவ்வளவுதான். ஆனா முதல் தடவை அவங்க எதிரிகிட்ட மாட்டறப்போ என்ன பண்ணிட்டு இருந்தாங்க தெரியுமா? காத்தை அளந்துட்டு இருந்தாங்க. செவ்வாய் செத்துக்கிட்டு இருக்கற கிரகம். காத்தையே ஒரு தொழிற்சாலையில தயாரிக்கறாங்க. அதனால காத்தோட்டத்தை வரைபடமாக்கவும் அதோட அடர்த்தியை அளக்கவும் ஒரு ஆராய்ச்சிக் குழு வானத்துல கிளம்புது. அந்தக் கப்பலைத்தான் சுட்டு வீழ்த்தறாங்க. பிடிச்சவங்க முன்னாடி நின்னு இவங்க, நாங்க செய்யற வேலை இல்லன்னா உங்களுக்கும் மூச்சு விட காத்து இருக்காதுங்கற மாதிரி பேசறாங்க. அடிதான் கிடைக்குது. உடனே ஹீரோ நடுவுல பாயறார்.

அங்க இருந்து அவங்க வேலை காணாமப் போயிடுது. அடுத்த பாகங்கள்லயும் அவங்களை யாராவது பிடிச்சு வெச்சுக்கறாங்க, கார்ட்டர் தேடிப் போறார். முதல் புத்தகத்தோட கடைசியில காத்து ஆலையே நின்னு போகுது. கிரகமே மூச்சுத் திணறுது. கதவு திறக்கற ரகசியம் தெரிஞ்ச கார்ட்டர் பறந்து போறார். காத்தை அளந்தவங்க அரண்மனையில இருக்காங்க! 2012-ல டிஸ்னி எடுத்த படத்துல அவங்களை விஞ்ஞானி ஆக்கி, கையில வாளும் கொடுத்தாங்க. நல்ல விஷயம். ஆனா புத்தகத் தலைப்புல இருந்த ‘இளவரசி’ போஸ்டர்ல இல்ல. ஹீரோ பேர் மட்டும்தான்.

இதையெல்லாம் அம்மாகிட்ட புலம்பினப்போ, "இது என்ன பெரிய கதை, நம்ம எம்.ஜி.ஆர். படத்துலயே வந்துடுச்சே"ன்னாங்க.

கலை அரசி. 1963. ஏ. காசிலிங்கம் டைரக்‌ஷன். இந்தியாவில வேற்றுக்கிரகவாசிகளைக் காட்டின ஆரம்பகாலப் படங்கள்ல ஒண்ணு. ஒரு கிரகம், அங்க அறிவியல் எல்லாம் இருக்கு, கலை மட்டும் இல்ல. அங்க இருந்து நம்பியார் விண்கலத்துல வந்து, நல்லாப் பாடற வாணியைத் தூக்கிட்டுப் போறார். வாணியா நடிச்சது பானுமதி. அந்தக் கிரகத்து இளவரசியா ராஜஸ்ரீ, பேரு ரஜினி. (சிரிக்காதீங்க. சூப்பர் ஸ்டாருக்கு அந்தப் பேர் வைக்கறதுக்கு ரொம்ப முன்னாடி.) எம்.ஜி.ஆர். மீட்கப் போறார். செட், கலம் எல்லாம் இப்பப் பார்த்தா அட்டைப்பெட்டி மாதிரிதான் தெரியும். அதுக்கெல்லாம் நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கு முதல் எபிசோட் எடிட் பண்ணவே ஒரு மாசம் ஆச்சு.

எனக்குப் பிடிச்சது வேற. தேஜா தோரிஸை எதிரிங்க பிடிச்சப்போ அவங்க பார்த்த வேலை யாருக்கும் வேண்டியிருக்கல. வாணியைத் தூக்கிட்டுப் போனதே அவங்க வேலைக்காக. பாட்டு சொல்லிக்கொடுக்க ஆள் வேணும். அதாவது வாத்தியார் வேலைக்கு ஆள் கடத்தல்! இண்டர்வியூ கிடையாது, ஆஃபர் லெட்டர் கிடையாது. கடத்தல் கடத்தல்தான், அதுல மாத்துக் கருத்து இல்ல. ஆனா அந்தக் கிரகத்துக்காரங்க அவங்க கிட்ட எது இருக்குன்னு பார்த்திருக்காங்க. அதே வருஷம் ஜூன்ல வாலன்டினா தெரஷ்கோவா நிஜமாவே விண்வெளிக்குப் போயிட்டு வந்தாங்க. அதுக்கு முன்னாடி துணி ஆலைத் தொழிலாளி.

இன்னொண்ணும் சொல்லணும். படத்துல காப்பாத்தப்பட வேண்டிய அந்த அம்மா, நிஜத்துல யாரு? சொந்தக் குரல்ல பாடுவாங்க, கதை எழுதுவாங்க. 1953-லயே ‘சண்டிராணி’யை மூணு மொழியில டைரக்ட் பண்ணிட்டாங்க. கணவரோட சேர்ந்து பரணி ஸ்டூடியோ நடத்தினாங்க. அவங்களைத்தான் நம்பியார் தூக்கிட்டுப் போறார், பாருங்க. 1980-கள்ல எம்.ஜி.ஆர். முதலமைச்சரா இருந்தப்போ, சென்னை அரசு இசைக் கல்லூரிக்குப் பானுமதி முதல்வர் ஆனாங்க. படத்துல வேற்றுக்கிரகவாசி கொடுத்த வேலையை, இருபது வருஷம் கழிச்சு ஹீரோவோட அரசாங்கமே முறையா ஆர்டர் போட்டுக் கொடுத்திருக்கு. இதை எந்தத் திரைக்கதை ஆசிரியரும் எழுத மாட்டாங்க, ஓவரா இருக்கும்னு விட்டுடுவாங்க.

போன மாசம் அம்மாவும் நானும் யூட்யூப்ல படத்தைத் திரும்பப் பார்த்தோம். வெயில் காலம். பார்த்து முடிச்சுட்டு மாடிக்கு வத்தல் எடுக்கப் போனோம். துணி மேல வழக்கம் போல கறுப்பா ஒரு தூசி. அம்மா பழைய ஸ்பீக்கர்ல இருந்து கழட்டின காந்தத்தைக் காகிதத்துல சுத்தி அது மேல ஓட்டினாங்க. பாதித் தூசி ஒட்டுச்சு, மீதி துணியிலேயே நின்னுச்சு. "ஒட்டினது இரும்பு. ஒட்டாததை லேப்லதான் பார்க்கணும்"னாங்க.

அம்மா பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி. கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு வருஷம் இங்க சிப்காட்ல ஒரு கம்பெனி லேப்ல வேலை. அது எனக்குத் தெரியும், ஆனா சர்ட்டிஃபிகேட் ஃபைல்ல இருக்கற ஒரு காகிதம் மாதிரித்தான் தெரியும். காந்த விஷயத்தை யாரு சொல்லிக்கொடுத்தாங்கன்னு நான் கேட்டதே இல்ல. அன்னைக்குக் கேட்டேன். லேப் இன்சார்ஜ்னாங்க. ஏன் திரும்பப் போகல்லன்னும் கேட்டேன்.

"யாரும் போகாதன்னு சொல்லலடி. போன்னும் யாரும் சொல்லல."

அப்புறம் வத்தலைத் தட்டி டப்பாவில போட்டுக்கிட்டே, தேஜா தோரிஸைப் பத்தி ஒரு கேள்வி கேட்டாங்க. நான் புலம்பினதை அத்தனை நாள் ஞாபகம் வெச்சிருக்காங்க.

"அந்தப் பொண்ணு காத்தை அளந்து எழுதின நோட்டு என்ன ஆச்சு?"

கீழ வந்து புத்தகத்தை எடுத்துத் தேட ஆரம்பிச்சேன். இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன். உங்க யாருக்காவது கண்ணுல பட்டா கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த எபிசோடுல அம்மாவையே மைக் முன்னாடி உட்கார வைக்கறேன், ஒத்துக்கிட்டாங்க. சரக்கு ரயில் போற நேரம் பார்த்துதான் ரெக்கார்ட் பண்ணணும்.