புதிய தொலைக்காட்சிக்குப் பழைய ஸ்டீரியோ

மலேசியாவில் அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபரில் முற்றாக நின்றது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் அப்போது புதிய தொலைக்காட்சி வாங்கியவர்கள் உண்டு. படம் துல்லியமாக இருக்கிறது. பழைய பாடல் போட்டால்தான் குறை தெரிகிறது. அவ்வளவு மெல்லிய பெட்டிக்குள் பெரிய ஒலிபெருக்கிக்கு இடமேது? கூடத்திலிருக்கும் பழைய ஸ்டீரியோவை நாம் பழைய சாமான்காரரிடம் போட வேண்டியதில்லை.

புதிய தொலைக்காட்சிகள் பலவற்றில் சிவப்பு, வெள்ளைத் துளைகள் இல்லை. ‘ஆப்டிகல்’ என்ற துளை இருக்கும். அதில் வருவது டிஜிட்டல் ஒலி. பழைய ஸ்டீரியோ அதை ஏற்காது. கடையில் ‘டி.ஏ.சி.’ என்று கேட்டால் சிறிய மாற்றுப் பெட்டி கிடைக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அதை இடையில் வைத்து, சிவப்பு வெள்ளைக் கம்பிகளை ஸ்டீரியோவின் பின்னால் ‘ஆக்ஸ்’ என்ற இடத்தில் செருகுவோம்.

பக்கத்திலேயே ‘போனோ’ என்றும் இருக்கும். அதில் மட்டும் வேண்டாம். இசைத்தட்டு ஊசி தரும் சில மில்லிவோல்ட்டை ஏறக்குறைய நூறு மடங்கு பெருக்கும் வழி அது. தொலைக்காட்சியை அங்கே இணைத்தால் ஒலி அலறும், ஒலிபெருக்கியும் கெடலாம்.

சத்தமே வரவில்லையா? தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் ‘டால்பி’ என்றிருப்பதை ‘பி.சி.எம்.’ என்று மாற்றுங்கள். சாதாரண மாற்றுப் பெட்டிக்கு டால்பி புரியாது. ஒன்று, ஒலியைக் கூட்டக் குறைக்க இனி பெரும்பாலும் எழுந்துபோய் ஸ்டீரியோவின் குமிழைத்தான் திருக வேண்டியிருக்கும்.