மண்புரவியும் மகளின் தூரிகையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

'மரபும் புதுமையும்' என்னும் பொருளில் உரையாற்றுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். இப்பொருள் நம் மேடைக்குப் புதிதன்று. யாப்பைக் காக்க வேண்டும் என்பாரும் உடைக்க வேண்டும் என்பாரும் இங்கே பலமுறை வழக்காடியிருக்கிறார்கள். அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஏட்டை விட்டுச் சற்று வெளியே வந்து, நம் மாவட்டத்துக் குடும்பம் ஒன்றில் தந்தையும் மகளும் சேர்ந்து ஒரு வண்டிக்கு வண்ணம் தீட்டிய செய்தியைச் சொல்ல வந்திருக்கிறேன். வண்டிக்கு வண்ணம் தீட்டுவதற்கும் இலக்கியத்திற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு என்பதே என் உரை.

புதுக்கோட்டைச் சீமையில் வண்ணம் பூசிய ஊர்திகளுக்குப் பஞ்சமில்லை. திருமயம் சாலையில் நமணசமுத்திரத்தைக் கடக்கும்போது ஐயனார் கோயிலில் நிரை நிரையாக நிற்கும் மண்குதிரைகளைக் காணாதார் இவ்வவையில் இரார். ஊர் உறங்கும் வேளையில் ஐயனார் ஏறி எல்லை காக்கும் ஊர்திகள் அவை. கீரமங்கலத்தை அடுத்த குளமங்கலத்தில், பெருங்காரையடி மீண்ட ஐயனார் கோயில் முன்பு முப்பது அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் ஒரு பெருங்குதிரை நிற்கிறது. மாசி மகத்தன்று அதன் கழுத்திலும் உடலிலும் மக்கள் சாத்தும் காகிதப்பூ மாலைகள் குதிரையையே மறைத்துவிடும். கட்டிய குதிரை பழையது. போர்த்திய வண்ணம் ஆண்டுதோறும் புதியது.

மண்குதிரை பிறக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புரவி எடுப்புக்கு நாள் குறித்ததும் ஊரார் சார்பில் வேளாரிடம் ஒரு கைப்பிடி மண் கொடுக்கப்படும். பிடிமண் என்று அதற்குப் பெயர். அந்த ஒரு பிடி மண்தான் ஒப்பந்தம், அதுவே உத்தரவு. பின்னர்க் கண்மாய்க் களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்துப் பிசைவார்கள். நான்கு கால்களும் உள்ளீடற்ற குழல்களாக முதலில் எழும். அவை ஓரளவு இறுகிய பிறகே வயிறு, அது காய்ந்து தாங்கும் வலிமை பெற்ற பிறகே கழுத்து, இறுதியில் தலை. அவசரப்பட்டால் கால் பிதுங்கிக் குதிரை அமர்ந்துவிடும். சூட்டில் உள்ளிருக்கும் காற்று வெளியேற உடலில் துளை விடுவார்கள். துளை இல்லாத குதிரை சூளையில் வெடித்துவிடும். சுட்டு ஆறிய உடலுக்கு முதலில் வெள்ளைச் சுண்ணாம்பு. அதன்மேல் காவி, மஞ்சள், நீலம், கறுப்பு. நெற்றிப்பட்டம், கடிவாளம், கழுத்து மணி, சேணம் ஆகியவற்றில் ஒரு குடும்பத்தின் கை மற்றொன்றின் கையிலிருந்து வேறுபடும். கண் திறப்பது மட்டும் எல்லாவற்றிற்கும் பின்னர், உரிய சடங்கோடு. கண் திறக்கும் வரை அது பண்டம். கண் திறந்தபின் அது தெய்வத்தின் ஊர்தி.

இந்த வேலையில் பிள்ளைகளின் கை எங்கே நுழைகிறது என்பதைக் கவனித்தல் வேண்டும். கால் எழுப்பும் வேலையைச் சிறுவரிடம் விடமாட்டார்கள். ஒரு பிழை முழுக் குதிரையையும் சாய்த்துவிடும். வண்ணத்தில் பிழை நேர்ந்தால் மேலே மற்றொரு பூச்சு பூசிக்கொள்ளலாம். ஆகவே பிள்ளை இந்தத் தொழிலுக்குள் நுழையும் வாயில் பெரும்பாலும் தூரிகைதான்.

தொழில் வழி வந்த பிள்ளைகளைச் சங்கச் சான்றோர் கண்டிருக்கிறார்கள். புறநானூற்றின் 206ஆம் பாட்டில், பரிசில் நீட்டித்த அதியமானின் வாயிலில் நின்று பேசும் ஔவையார், தம் போன்ற புலவர்க்கு உவமையாகத் தச்சனின் தொழில் வல்ல சிறுவர்களைச் சொல்கிறார். கோடரியோடு காட்டுக்குள் செல்லும் அவர்களுக்கு எந்த மரமும் உதவும். கலை வல்லார்க்கு எந்தத் திசையிலும் சோறு உண்டு என்பது கருத்து. தந்தையிடம் கற்ற கை பிள்ளைக்கு எத்தகைய தன்மானத்தைத் தருகிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. நற்றிணையின் 200ஆம் பாட்டில், நொச்சி மாலை சூடிய குயவர் ஒருவர் அகன்ற தெருவில் விழாவை அறிவித்துச் செல்கிறார். வேளார் கை மண்ணைத் தொட்டால்தான் நம் ஊர்களில் புரவி எடுப்புத் தொடங்குகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளின் இடைவெளியில் அந்தத் தெரு மாறிற்று; அறிவிக்கும் கை மாறவில்லை.

இன்னொரு பெயரும் நினைவுக்கு வருகிறது: வெண்ணிக்குயத்தியார். இன்றைய கோவில்வெண்ணியில் நடந்த போரில் கரிகாலன் வென்றான். வென்றவனின் முன்னிலையிலேயே, புறப்புண் நாணி வடக்கிருந்த சேரன் அவனினும் நல்லவன் அல்லனோ என்று கேட்டவர் இவர். குயக்குலத்தைச் சுட்டும் பெயர் தாங்கிய பெண்பாற் புலவர். பாட்டில் மன்னனையே எடைபோடும் உரிமை இருந்தது. ஆனால் பல ஊர்களில் பெண்கள் குயச்சக்கரத்தைச் சுற்றுவது வழக்கில் இல்லை. மண் மிதிப்பதும் நீர் சுமப்பதும் வண்ணம் குழைப்பதும் பெண்கள். சக்கரத்தின் முன் அமர்வது ஆண்கள். பாட்டுக்குக் கிடைத்த உரிமை பானைக்குக் கிடைக்கவில்லை. இனி நான் சொல்லப்போகும் செய்தியின் முடிச்சும் இதுவே.

திருமயம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு வேளார் குடும்பம். தந்தை குதிரை செய்வதில் வல்லவர். ஆண்டு முழுவதும் குதிரை எடுப்பார் இல்லையாதலால் பானை, அடுப்பு, தொட்டி ஆகியவற்றைச் சந்தைகளுக்கு ஏற்றிச் செல்லப் பழைய சிறு சரக்கு வண்டி ஒன்றை வாங்கினார். 2005இல் சந்தைக்கு வந்த அந்த வகை வண்டியை நம் மக்கள் குட்டியானை என்கிறார்கள். குதிரை செய்பவர் யானை வாங்கினார் என்று ஊரில் வேடிக்கையாகச் சொன்னார்கள். வண்டியோ துருப்பிடித்து, வண்ணம் உதிர்ந்து கிடந்தது. பட்டறையில் கொடுக்கப் பணமில்லை. கோடை விடுமுறையில் எட்டாம் வகுப்பு முடித்திருந்த மகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு தாமே வேலையைத் தொடங்கினார். அந்நாள்களில் நாட்டுப்புறக் கலைச்சொற்கள் சேகரிக்கச் சென்றிருந்த நான் அதை அருகிருந்து கண்டேன்.

முதல் இரண்டு நாள்களும் சுரண்டுவதும் தேய்ப்பதும்தான். துருவை உப்புத்தாளால் தேய்த்து, பள்ளங்களைப் பட்டி வைத்து நிரவி, காய்ந்தபின் மீண்டும் தேய்த்து, அடிப்பூச்சுப் பூசினார்கள். மகள் பொறுமையிழந்து, எப்போது வண்ணம் பூசலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "சுண்ணாம்பு காயாமக் காவி ஒட்டுமா, ஆத்தா?" என்றார் தந்தை. சரக்கு வண்டிக்குக் குதிரையே பாடநூலாயிற்று. உடலின் நிறத்தை அவர் மாற்றவில்லை. நிறத்தை மாற்றினால் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பதிவுச் சான்றில் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதை அவர் அறிவார். குதிரைக்குப் பிடிமண், வண்டிக்குப் பதிவுச் சான்று. பழைய வெள்ளையையே மீண்டும் பூசி, அணிகளை மட்டும் மகளின் பொறுப்பில் விட்டார்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? பக்கப் பலகைகளில் சேணத்தின் விளிம்புக் கோலத்தை எழுதினாள். முகப்பில் நெற்றிப்பட்டம் தீட்டினாள். பின்பலகையில் லாரிகளில் காணும் தாமரையைப் போட்டு, அதன் இருபுறமும் தந்தை குதிரைக் கழுத்தில் எழுதும் மணிச்சரத்தைத் தொங்கவிட்டாள். தந்தை வாளியைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். ஓரிடத்திலும் தூரிகையை வாங்கித் திருத்தவில்லை. கடைசி நாள் அவள் கேட்டாள்: "அப்பா, இதுக்குக் கண்ணு எழுத வேணாமா?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. கண் எழுதுவது அவர் தந்தை அவரிடம் ஒப்படைத்த உரிமை. பெண்மக்களிடம் அந்தக் குடும்பத்தில் அது சென்றதில்லை. பிறகு, "வண்டிக்குத்தான் ரெண்டு லைட்டு இருக்கே. வேணும்னா புருவம் எழுது" என்றார். எழுதினாள். அதற்கடுத்த ஆண்டு அவ்வூர்ப் புரவி எடுப்பின்போது குதிரைகளுக்கு எல்லா அணியும் எழுதியவள் அவளே என்று அறிந்தேன். கண் மட்டும் இன்னும் தந்தையின் கையில்தான் இருக்கிறது. சக்கரமும் அவ்வாறே. தந்தை ஓரடி நகர்ந்திருக்கிறார். இன்னும் ஓரடி நகர வேண்டும் என்பது என் வேட்கை.

அவையோரே! மரபு கைமாறும் முறையை இந்தச் செய்தியில் காண்கிறேன். தந்தை முழுவதையும் தாமே முடித்துக் கொடுத்திருந்தால் மகளுக்குக் கிடைத்திருப்பது ஒரு வண்டி மட்டுமே. அடிப்பூச்சு வரை உடனிருந்து ஒழுங்கைக் கற்பித்து, மேற்பூச்சில் விலகி நின்றதால் அவளுக்கு ஒரு கை கிடைத்தது. அவளும் வெறும் புதுமை செய்யவில்லை. லாரித் தாமரைக்கும் குதிரை மணிக்கும் ஒரே பலகையில் இடம் தேடினாள்.

எல்லாவற்றையும் புதிதாகப் பூசலாமா என்று கேட்பீர்கள். கூடாது. அதற்கும் நம் மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. சித்தன்னவாசலில், ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பார் அகமண்டபத்தைப் புதுக்கி முன்னே முகமண்டபம் எடுத்த செய்தியைக் கல்வெட்டுப் பாடல் சொல்கிறது. அங்கே மேல்விதானப் பூச்சின் அடியில் கம்பளக் கோலம் போன்ற முந்தைய ஓவியமும் வெளிப்பட்டிருக்கிறது. ஒரு காலத்தில் அங்கும் ஓவியத்தின்மேல் ஓவியம் எழுதினார்கள். இன்று அதன்மேல் ஒரு துளி வண்ணம் வைப்பதும் குற்றம். எழுதிய கை அற்றுப்போய்விட்டது என்பதே காரணம். கை உயிரோடிருக்கும் வரை புதுக்கலாம். கை இல்லாதபோது காக்க மட்டுமே முடியும். நம் மண்குதிரை இன்னும் சித்தன்னவாசல் ஆகிவிடவில்லை. மழையில் கரைந்து, காது உதிர்ந்து, வேர் பிளந்து நிற்கும் பழங்குதிரையைப் பற்றி வேளார் கலங்குவதில்லை. அடுத்த குதிரை செய்யும் கை வீட்டில் இருக்கிறது என்னும் துணிவே காரணம்.

அந்தத் துணிவு இப்போது தளர்கிறது. சிமென்டுக் குதிரை ஒருமுறை கட்டினால் போதும் என்று ஊர்கள் எண்ணத் தொடங்கிவிட்டன. எனாமல் பூசிய சிமென்டுக் குதிரை நெடுநாள் நிற்கும். ஆனால் அது நிற்கும் காலமெல்லாம் ஒரு வேளார் வீட்டுப் பிள்ளைக்கு வேலையில்லை. கண்மாய் மண்ணுக்கும் நெடுங்காலம் இடர்ப்பாடு இருந்தது. 2017இல் உழவரும் குயவரும் வண்டலைக் கட்டணமின்றி எடுக்க அரசு வழிசெய்தது; 2024இல் வட்டாட்சியரே அனுமதி வழங்கும் வகையில் நடைமுறை எளிதாக்கப்பட்டது. மண் கிடைக்கிறது. பிடிமண் கொடுக்கும் ஊர்களும், வாங்கும் பிள்ளைகளும் வேண்டும்.

பிள்ளைகள் தந்தை தொழிலையே செய்ய வேண்டும் என்று நான் கூறுவதாக எவரும் கொள்ள வேண்டா. பிறப்பால் தொழிலைக் கட்டிவைத்த கொடுமையை அறியாதவளல்லேன். அந்தப் பெண் மருத்துவராகட்டும், பொறியாளராகட்டும். விட்டுச் செல்வதானாலும் கற்றபின் விட்டுச் செல்லட்டும். பெண் என்பதற்காகக் கற்பிக்கப்படாமல் போக வேண்டா.

நம் வட்டத்திற்கு இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று: வேளார், தச்சர், கொல்லர் வீடுகளில் புழங்கும் தொழிற்சொற்களை அவ்வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டே எழுதச் செய்து ஒரு சொற்றொகுதி வெளியிடுவோம். பாட்டியிடம் பேத்தி கேட்டெழுதும் சொல்லுக்கு நாம் கேட்டெழுதுவதைவிட உயிர் மிகுதி. மற்றொன்று: பத்தாண்டாக இம்மேடையின் முதல்வரிசை மூத்த கவிஞர்களுக்கே உரியதாக இருந்து வருகிறது. வரும் ஆண்டு முதல் மாதந்தோறும் ஓர் அமர்வைப் பதினெட்டு வயதுக்குட்பட்டோரிடம் முழுமையாக ஒப்படைப்போம். தலைமையும் அவர்களே, திறனாய்வும் அவர்களே. நாம் வாளியைத் தூக்கிக்கொண்டு சுற்றி வருவோம். தூரிகையை வாங்கித் திருத்தாதிருப்போம்.