ஏடும் திரையும்

விஜயதசமி நாளிலே யாழ்ப்பாணத்துக் கோயில்களிலும் வீடுகளிலும் ஏடு தொடக்கும் வைபவம் நடைபெறுவதுண்டு. தாம்பாளத்திலே பச்சையரிசி பரப்பப்பட்டிருக்கும். பெரியவர் ஒருவர் குழந்தையைத் தம் மடியில் இருத்தி, அதன் சுட்டுவிரலைப் பற்றி, அரிசியின்மேல் அகரத்தை எழுதுவிப்பார். எழுதும்போதே அதனை வாயாற் சொல்லுவிப்பார். அரிசியில் எழுதிய எழுத்து மறுகணமே கலைந்துவிடும். ஆயினும், கல்வியின் அடிப்படையான உண்மையொன்று அச்சிறு சடங்கினுள் அடங்கிக் கிடக்கிறது. குழந்தைக்கு எழுத்தை அறிமுகஞ் செய்வது தாம்பாளமுமன்று, அரிசியுமன்று. விரலைப் பற்றிய கையும் காதருகே ஒலித்த குரலுமே அதனைச் செய்கின்றன.

இக்காலத்திலே அந்தத் தாம்பாளத்தின் இடத்தைக் கண்ணாடித் திரை பிடித்துக்கொண்டிருக்கிறது. நகரத்து மாடிவீட்டிலும், கிராமத்துக் குடிசையிலும், தேயிலைத் தோட்டத்து லயத்திலும் கைத்தொலைபேசி புகுந்துவிட்டது. நடை பழகும் குழந்தையும் அதன் திரையை விரலால் தள்ளப் பழகிவிட்டது. எழுத்தைத் தொட்டால் எழுத்துப் பேசுகிறது. யானையைத் தொட்டால் யானை பிளிறுகிறது. அழும் குழந்தையை அமர்த்த இதனிலும் எளிய வழி இல்லையென்று பல வீடுகளில் முடிவாகிவிட்டது. ஆனால், விரலைப் பற்றிய அந்தக் கை எங்கே போயிற்று? சிறுவர்க்குப் பணிபுரியும் நூல்நிலையங்கள் இன்று ஆராய்ந்துவரும் வினா இதுவேயாகும்.

வாசிப்பு என்பது முதலாம் வகுப்பிலே அரிச்சுவடியோடு தொடங்குவதாகப் பலர் எண்ணுவர். அது முற்றும் சரியன்று. எழுத்தை அறியுமுன்பே குழந்தை வாசிப்புக்கு ஆயத்தமாகிறது. சொற்களைக் கேட்டுச் சேர்த்துக்கொள்கிறது. கல், பல், நெல் என்பன ஈற்றில் ஒத்தொலிப்பதை உணர்கிறது. கதைக்குத் தொடக்கமும் முடிவும் உண்டெனக் காண்கிறது. புத்தகத்தை எப்பக்கமாகத் திறப்பது, வரி எத்திசையிற் செல்கிறது என்பவற்றையும் பார்த்துப் பழகுகிறது. ஐக்கிய அமெரிக்காவின் நூலகத் துறையினர் இவ்வுண்மையை அடிப்படையாக வைத்து, 2004ஆம் ஆண்டிலே பெற்றாருக்கான திட்டமொன்றை ஆரம்பித்தனர். 2011இல் அது திருத்தியமைக்கப்பட்டபோது, பெற்றார் செய்யவேண்டியவை ஐந்தாக வகுத்துக் கூறப்பட்டன. குழந்தையோடு பேசுதல், பாடுதல், வாசித்தல், எழுதுதல், விளையாடுதல் என்பனவே அவை. இவ்வைந்தினுள் எதற்கும் விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஆனால் ஐந்துக்கும் அருகில் ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆளின் இடத்தைக் கருவி நிரப்புமா? இதனைச் சோதித்த ஆராய்ச்சிகளுட் புகழ்பெற்றது, சியாற்றில் நகரிலுள்ள வோஷிங்டன் பல்கலைக்கழகத்திலே பேராசிரியை பற்றீசியா கூலும் அவர் குழுவினரும் நடத்தி, 2003ஆம் ஆண்டில் வெளியிட்டதாகும். ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளை அவர்கள் தெரிந்தெடுத்தனர். மண்டரின் என்னும் சீனமொழியைத் தாய்மொழியாகக் கொண்ட சிலர் அக்குழந்தைகளின் அருகிலமர்ந்து, புத்தகம் வாசித்தும் விளையாட்டுப் பொருள்களைக் காட்டியும் பன்னிரண்டு அமர்வுகளில் தம் மொழியிலே பேசினர். ஆங்கிலத்தில் இல்லாத சீன ஒலி வேறுபாடொன்றை அக்குழந்தைகள் பின்னர் இனங்கண்டன. வேறொரு தொகுதிக் குழந்தைகளுக்கு அதே மனிதர் பேசுவது படம்பிடிக்கப்பட்டுத் திரையிற் காட்டப்பட்டது. இன்னொரு தொகுதிக்கு ஒலி மாத்திரம் கேட்பிக்கப்பட்டது. இவ்விரு தொகுதிக் குழந்தைகளும் அவ்வேறுபாட்டைக் கற்கவில்லை. மொழி ஒன்றே, குரல் ஒன்றே. ஆள் அருகில் இல்லாமையே குறை.

இதனைக் கொண்டு, திரை முழுவதும் வீணென்று தீர்ப்பளித்தலும் தவறாகும். பேச்சைக் கற்றுக்கொண்ட மூன்று வயதுக் குழந்தையின் நிலை வேறு. 2013இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றிலே, அவ்வயதுக் குழந்தைகளின் பெற்றாருக்குச் சிறு பழக்கமொன்று கற்பிக்கப்பட்டது. கதைப்படத்தை ஓடவிட்டு விலகிப் போகாமல், இடையிடையே அதனை நிறுத்தி, என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று குழந்தையிடம் வினவவேண்டும். அவ்வளவே. நான்கு வாரங்களின் பின்னர், வழமைபோற் படம் பார்த்த குழந்தைகளைக் காட்டிலும் இக்குழந்தைகள் கதையை நன்கு விளங்கியிருந்தனர். கதையில் வந்த புதிய சொற்களையும் கூடுதலாக அறிந்திருந்தனர். படம் மாறவில்லை, பக்கத்தில் இருந்தவரின் செயலே மாறிற்று.

அதே ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு மறுபுறத்தைக் காட்டிற்று. தொட்டவுடன் ஒலியெழுப்பும் மின்சாரக் கதைப்புத்தகங்களைப் பெற்றாரும் பிள்ளைகளும் சேர்ந்து வாசித்தபோது, பெற்றாரின் பேச்சுக் கதையை விட்டுக் கருவியின்மேற் சென்றது. இதை அமுக்கு, அதைத் தொடாதே என்பன போன்ற பேச்சே மிகுந்தது. மூன்று வயதினர் சாதாரணப் புத்தகத்தை விளங்கிய அளவுக்கு அக்கதைகளை விளங்கவில்லை. நெதர்லாந்து ஆராய்ச்சியாளர் இத்தகைய பல ஆய்வுகளை ஒருங்குசேர்த்து நோக்கி 2015இல் வெளியிட்ட முடிவு, நூலகர் ஒவ்வொருவரும் மனத்திற் பதித்துக்கொள்ளத் தக்கது. கதையோடு இசைந்து அசையும் படமும் ஒலியும் குழந்தையின் விளக்கத்துக்குத் துணைசெய்யும். கதையின் நடுவே புகுத்தப்படும் விளையாட்டுகளும், தொட்டாற் துள்ளும் உருவங்களும் அதன் கவனத்தைக் கலைக்கும் என்பதே அம்முடிவு.

நூலகரின் பணி இங்கேதான் தொடங்குகிறது. இணையத்திலே குழந்தைகளுக்கென்று குவிந்திருப்பவற்றுக்குக் கணக்கில்லை. நெல்லையும் பதரையும் பிரித்தறிவதற்குப் பொழுதும் பயிற்சியும் வேண்டும். விடியற்காலையிற் கூடை சுமந்து மலையேறும் தாய்க்கு அவை ஏது? ஆதலின், நூலகர் புத்தகங்களைத் தெரிவது போலவே திரைச் சாதனங்களையும் ஆராய்ந்து தெரிந்து, குடும்பங்களுக்கு வழிகாட்டியாய் அமைதல் வேண்டும் என்று, அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறுவர் சேவைப் பிரிவு 2015இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. எவ்வளவு நேரம் என்னும் வினாவுக்கும் மருத்துவ உலகம் விடை கூறியுள்ளது. ஒரு வயதுக் குழந்தைகள் திரைமுன் அமர்ந்திருத்தல் விரும்பத்தக்கதன்று. இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ளோருக்கு நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்தின் மேற் கூடாது. குறைவாயின் இன்னும் நன்று என உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. கடையிற் கிடைக்காத இவ்வறிவைப் பெற்றாருக்கு எளிய தமிழில் எடுத்துரைப்பதும் நூல்நிலையத்தின் தொண்டேயாம்.

தமிழ்க் குழந்தையைப் பொறுத்தவரையில் இவ்விடயத்துக்குத் தனிச் சிறப்பொன்று உண்டு. யாழ்ப்பாணத்துக் குழந்தை வீட்டிலே 'நான் போறன்' என்று சொல்லும். மலையகத்துக் குழந்தை 'நான் போறேன்' என்று சொல்லும். இருவரும் புத்தகத்திலே காண்பதோ 'நான் போகிறேன்' என்பதாகும். பேச்சுத் தமிழோடு மாத்திரம் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு நூற்றமிழ் பாதி அந்நிய மொழியே. இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளையும் ஒருவாறு கற்றுவிட்ட பின்னரும், எழுத்துக்கூட்டி ஒலித்த சொல்லின் பொருள் தோன்றாமற் சில பிள்ளைகள் தயங்கி நிற்பது இதனாலேயாகும். நூற்றமிழைக் கண்ணாற் காணுமுன் காதாற் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அத்தயக்கம் குறைவு. முன்னாளிலே பாட்டிமார் படித்த புராணமும், வானொலியிலே ஒலித்த சிறுவர் நிகழ்ச்சியும் அச்செவிச்செல்வத்தை வழங்கின. நல்ல குரலிற் பதிவுசெய்யப்பட்ட கதையும் இன்று அதனை வழங்கலாம். கேட்கும் குழந்தையின் அருகிலே, கேட்டதைப் பற்றிப் பேச ஒருவர் இருத்தல் வேண்டும்.

அந்த ஒருவர் எழுத்தறிந்தவராய் இருக்கவேண்டுமென்பதில்லை. இது பலரும் கவனியாத செய்தி. 'எனக்கு வாசிக்கத் தெரியாது, பிள்ளைக்கு நான் எதைச் சொல்லிக் கொடுப்பது' என்று ஒதுங்கி நிற்கும் தாய்மார் பலர். பெங்களூரிலிருந்து இயங்கும் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்னும் இணையத்தளத்திலே தமிழ்ச் சிறுவர் கதைகள் கிடைக்கின்றன. எவரும் கட்டணமின்றி அவற்றை வாசிக்கலாம், அச்சிட்டும் கொள்ளலாம். சொல்லேயில்லாத படக்கதைகளும் அங்கு உண்டு. அத்தகைய கதையை நூலகர் திரையிலே திறந்து வைத்தால், எழுத்தறியாத தாயும் படத்தைப் பார்த்துத் தன் வாய்மொழியிலே கதை சொல்லலாம். குழந்தை வினவும், தாய் விடை பகர்வாள். எழுத்து நுழையுமுன் கதை நுழைந்துவிடும். தன் குழந்தைக்கு முதலாசிரியை தானே என்னும் துணிவு அந்தத் தாயிடம் பிறக்கும். நூல்நிலையம் வழங்கக்கூடிய கொடைகளுள் இதனிலும் பெரியது இல்லை.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுமோ என்று ஐயுறவேண்டியதில்லை. சிறிய பிரதேசசபை வாசிகசாலையிலும் ஒரு பாய், ஒரு தொடுதிரை, பத்துப் படப்புத்தகங்கள் இருப்பின் போதுமானது. வாரத்தில் ஒருநாள் அரைமணி நேரம் பெற்றாரும் குழந்தைகளும் கூடுவர். நூலகர் முதலிலே ஒரு கதையைத் திரையிற் காட்டுவார். இடையே நிறுத்தி வினவுவார். பின்னர் அக்கதையில் வந்த விலங்குகளைக் குழந்தைகள் பாடி ஆடிக் காட்டுவர். ஈற்றிலே அக்கதையோடு தொடர்புடைய அச்சுப் புத்தகமொன்றை ஒவ்வொரு குடும்பமும் வீட்டுக்கு எடுத்துச் செல்லும். திரையிலே தொடங்கிப் புத்தகத்திலே முடிவது நன்முறை. கருவிகளை வரிசையாக வைத்துக் குழந்தைகளைத் தனித்தனியே அவற்றின் முன் இருத்திவிட்டு, நவீன நூல்நிலையம் திறந்தோம் என்று நாடா வெட்டுவது வீண்முறை. கருவி வாங்கப் பணம் ஒதுக்கும் சபைகள், சிறுவர் பகுதிக்குப் பயிற்சிபெற்ற ஒருவரை நியமிக்கவும் பணம் ஒதுக்குதல் வேண்டும். கருவி சில ஆண்டுகளிற் பழுதாகும்; கதை சொல்லும் பழக்கம் தலைமுறைக்கும் நிற்கும்.

திரையை ஏட்டின் பகையாகக் கருதுவோருக்கு ஈழத்துத் தமிழரின் அனுபவமே விடை கூறும். யாழ்ப்பாணப் பொது நூல்நிலையத்திலே 1967ஆம் ஆண்டு சிறுவர் பகுதி திறக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டு, மே மாத இறுதியும் யூன் மாதத் தொடக்கமும் சந்தித்த அவ்விரவிலே, ஏறத்தாழத் தொண்ணூற்றேழாயிரம் நூல்களோடு அந்நிலையம் எரிந்தது. ஏடு எரியும் என்பதை அன்று கண்டவர்களின் பிள்ளைகள், 2005இல் நூலகம் என்னும் பெயரிலேயே இணையத்தில் ஒரு நூல்நிலையத்தைத் தொடங்கி, ஈழத்து ஏடுகளைத் திரையிலே ஏற்றி வருகின்றனர். எங்கோ ஒரு வீட்டுப் பெட்டியில் எஞ்சிய பிரதியை இன்று எந்நாட்டிலிருந்தும் வாசிக்கலாம். ஏட்டைக் காப்பதற்கே அங்கு திரை பயன்பட்டது.

ஆயினும், காக்கப்பட்ட ஏடுகளை வாசிப்பதற்கு வாசகர் வேண்டும். இன்று மூன்று வயதாயிருக்கும் குழந்தையே அவ்வாசகர். வாசிக்கத் தெரிந்த பெற்றாரையுடைய குழந்தை எவ்வாறாயினும் முன்னேறிவிடும். கையிலே கைத்தொலைபேசியும் அருகிலே யாருமின்றியும் லயத்துத் திண்ணையில் அமர்ந்திருக்கும் குழந்தையே நூல்நிலையத்தை நம்பியிருக்கிறது. அக்குழந்தைக்குத் தேவை இன்னொரு திரையன்று. அரிசியின்மேல் விரலைப் பற்றி எழுதுவித்த அந்தக் கையே அதற்கு வேண்டும். தாயோ, தந்தையோ, நூலகரோ, ஒருவர் பக்கத்தில் அமர்ந்து 'பிறகு என்ன நடந்தது?' என்று கேட்பாராயின், தாம்பாளத்து அரிசியிலும் கண்ணாடித் திரையிலும் அகரம் ஒன்றாகவே விளங்கும்.