இணைய வழி விற்பனையும் நமது வாரக் கணக்கும்

(மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கான விற்பனைப் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று காலை இம்முகாமில் பெயர் பதியும்பொழுது உங்களுள் பலர் எங்களிடம் ஒரே குறையைக் கூறினீர்கள். "கைப்பேசியில் படம் போடுகிறோம்; பார்க்கிறவர்கள் நன்றாயிருக்கிறது என்கிறார்கள்; வாங்குகிறவர்களைத்தான் காணோம்" என்பது அக்குறை. வேறு சிலர் கூறியதோ இதற்கு நேர் எதிரானது. "ஆர்டர் வந்தது, செய்து கொடுக்க முடியவில்லை" என்றனர். இவ்விரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை என்பது எங்கள் கருத்து. எதைக் குறியாக வைத்துக்கொண்டு வேலை செய்கிறோம் என்பதில் நேரும் பிழையே அவ்வேர். அப்பிழையை முதலில் செய்தவர்கள் நீங்கள் அல்லர். அலுவலகத்தில் இருக்கும் நாங்களே. அதனை ஒப்புக்கொண்டுதான் இவ்வுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

சுய உதவிக் குழு நமது மாநிலத்துக்குப் புதிதன்று. 1983-ஆம் ஆண்டில் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் அமைந்தது. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில், சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு குழு இயக்கம் தொடங்கிற்று. சேமிப்பும் சிறு கடனுமே அக்காலத்தில் முதல் வேலை. செய்த பொருளை எங்கே விற்பது என்னும் கவலை பின்னால் வந்தது. அதற்காகப் பூமாலை வணிக வளாகங்கள் எழுந்தன. சரஸ் கண்காட்சிகள் நடைபெற்றன. கண்காட்சியில் ஒரு வசதி உண்டு. கொண்டுபோன சரக்கை விற்போம். சரக்குத் தீர்ந்தால் கடையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்புவோம். கைக்கு மீறிய வியாபாரம் அங்கே நேர வழியில்லை. 2016-இல் யு.பி.ஐ. பணப் பரிமாற்றமும், 2018-இல் சிறு வியாபாரிகளுக்கென வாட்ஸ்அப்பின் தனிச் செயலியும் வந்த பிறகு, கடை நம் மடியிலேயே அமர்ந்துவிட்டது. அது இரவிலும் மூடுவதில்லை. இல்லாத சரக்கையும் அதில் விற்றுவிடலாம். நன்மையும் ஆபத்தும் இரண்டும் இதில்தான் இருக்கின்றன.

மூன்றாண்டுகளுக்கு முன் நாங்கள் வேறோர் ஒன்றியத்தில், கடலோரப் பனங்காட்டுப் பகுதியில், பணியாற்றினோம். அங்கே பன்னிரண்டு பேர் கொண்ட குழு ஒன்று பனையோலைப் பெட்டி முடைந்து வந்தது. குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, சாயம் காய்ச்சி, அவர்கள் முடையும் பெட்டியைக் கையில் எடுத்தவர் கீழே வைக்க மாட்டார். மாதந்தோறும் நாங்கள் மேலே அனுப்ப வேண்டிய படிவத்தில், குழுவின் பக்கத்தை இணையத்தில் பின்தொடர்வோர் எத்தனை பேர் என்றொரு கட்டம் இருந்தது. கட்டம் இருந்தால் அதை நிரப்ப வேண்டும் அல்லவா? மூன்று மாதத்தில் 5,000 பேர் என்று நாங்களே ஒரு குறி நிர்ணயித்தோம். குழுத் தலைவியின் மகன் கெட்டிக்காரப் பையன். சாயப் பானையில் ஓலை நிறம் மாறுவதைச் சிறு படமாக எடுத்து இன்ஸ்டாகிராமில் இட்டான். ஒரு வாரத்தில் அதை ஒரு இலட்சம் பேர் பார்த்தனர். 5,000 என்ன, அதற்கு மேலும் பேர் சேர்ந்தனர். அவ்வெண்ணை அறிக்கையில் எழுதியபோது நாங்கள் அடைந்த பெருமிதத்துக்கு அளவில்லை. அம்மாதம் விற்ற பெட்டிகள் 11. அவற்றுள் மூன்றை வாங்கியது எங்கள் அலுவலகம்.

பழைய கிராம சேவகர் ஒருவர், தாம் பணியில் சேர்ந்த காலத்தில் எருக்குழிகளை எண்ணி அறிக்கை அனுப்பியதை எங்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. குழி எத்தனை என்று கேட்டார்களாம். அதில் எரு இருந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லையாம். அதைக் கேட்டுச் சிரித்த நாங்களே, குழியை விட்டுக் கைப்பேசியில் எண்ணத் தொடங்கியிருந்தோம்.

அடுத்த மாதம், அப்படத்தைப் பார்த்த நகரத்துக் குடும்பம் ஒன்று திருமணத்துக்காக 1,500 தாம்பூலப் பெட்டிகள் கேட்டது. பெட்டி 45 ரூபாய். பாதிப் பணம் முன்பணம். 25 நாளில் தர வேண்டும். தலைவி தயங்கினார். "ஐயா, இவ்வளவு ஆகுமா என்று தெரியவில்லை" என்று எங்களிடம் வந்து கேட்டார். ஆகும் என்று ஊக்கம் கூறி அனுப்பியவர்கள் நாங்கள். அவர் கேட்டது ஊக்கம் அன்று, கணக்கு என்பது எங்களுக்கு அன்று விளங்கவில்லை.

பெண்கள் இரவு பகலாக முடைந்தனர். ஆயினும் 800 பெட்டிகளே தேறின. மீதி 700-ஐ வெளியே 30 ரூபாய் வீதம் வாங்கிச் சேர்த்து அனுப்பினார்கள். நிறம் வேறு; சிலவற்றில் பூஞ்சணம் வேறு. அக்குடும்பத்தினர் 800-ஐ ஏற்று, 700-ஐத் திருப்பிவிட்டனர். அவர்கள்மீது குற்றமில்லை. குழுவுக்குக் கிடைத்தது 36,000 ரூபாய். வெளிப் பெட்டிகளுக்குப் போனது 21,000. ஓலை, சாயம், கூரியர் எல்லாம் மீதி 15,000-இல் கழிய வேண்டும். அம்மாத வங்கித் தவணையைத் தலைவி தம் தோட்டை அடகு வைத்துக் கட்டினார் என்பதை இரண்டு மாதம் கழித்தே நாங்கள் அறிந்தோம். இருவர் குழுவை விட்டு விலகினர்.

பின்னர் ஒருநாள் அவர்களோடு திண்ணையில் அமர்ந்து, முன்பே செய்திருக்க வேண்டிய கணக்கைச் செய்தோம். எஞ்சிய பத்துப் பேரில் முடைபவர் எண்மர். வீட்டு வேலை போக ஒருவர் நாளைக்கு நான்கு பெட்டி முடையலாம். திருமணம், சாவு, காய்ச்சல், பள்ளிக்கூடம் எல்லாம் போக வாரத்தில் ஐந்து நாளே முழுதாகக் கிடைக்கும். ஆகவே 160. கோணல், நிறக்குறை என்று பத்தைத் தள்ளினால் 150. இதுவே அக்குழுவின் கைக் கணக்கு. இதனைச் சுண்ணாம்புச் சுவரில் பெரிதாக எழுதி வைக்கச் சொன்னோம். 1,500 பெட்டி கேட்பவருக்கு விடை, பத்து வாரம் என்பது. அதைக் கேட்டு விலகுவோர் விலகட்டும்.

விலகாதவரும் இருந்தனர் என்பதுதான் நாங்கள் எதிர்பாராதது. திருமணத்துக்கு மூன்று மாதம் முன்பே நாள் குறித்துவிடுகிறார்கள் அல்லவா? அவர்களுக்குப் பத்து வாரம் நீண்ட காலம் அன்று. அவர்கள் காதுக்கு நம் செய்தி உரிய நேரத்தில் எட்டவில்லை என்பதே குறை. இதன் பின்னர் அக்குழுவின் விளம்பர வேலையே மாறிற்று. மேலும் ஆர்டர் வேண்டும் என்பதை விட்டு, ஆர்டர் முந்தி வர வேண்டும் என்பதைக் குறியாகக் கொண்டனர். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. முன்பெல்லாம் அம்மாதங்களில் கைப்பேசியைத் தொடவே மாட்டார்கள். இப்போது அவைதாம் விளம்பரத்துக்குரிய மாதங்கள். ஆவணி, ஐப்பசித் திருமணங்களுக்கு ஆடிக்குள்ளும், தை, மாசிக்கு மார்கழி முடிவதற்குள்ளும் செய்தி போய்விட வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஓலை உலராது; தீபாவளி ஆர்டரோ அப்போதுதான் வந்து விழும். ஆகையால் புரட்டாசிக்குள் உலர்ந்த ஓலை இத்தனை கட்டு பரணில் இருக்க வேண்டும் என்பதையும் குறிகளுள் ஒன்றாக எழுதிக்கொண்டனர். பரணில் உள்ள ஓலைக் கட்டு இணைய விற்பனையைச் சேர்ந்ததா என்று சிலர் கேட்கக்கூடும். அக்கட்டு இல்லாமல் போடும் படம் கடன் பத்திரத்துக்குச் சமம் என்பதே எங்கள் அனுபவம்.

இனி, வாரக் குறி என்றால் என்ன என்பதைக் காண்போம். இந்த வாரம் 5,000 ரூபாய்க்கு விற்க வேண்டும் என்று எழுதினால் அது விருப்பம். வாங்குவது பிறர் கையில் இருக்கிறது. ஆண்டுக்கு இவ்வளவு வருமானம் வேண்டும் என்று ஒரு தொகையை எழுதி வைப்பதில் தவறில்லை. வாரத்துக்கோ நம் கையால் முடியக்கூடியதை மட்டும் எழுத வேண்டும். புதன்கிழமை காலை வெயில் ஏறுமுன் மூன்று பொருளைப் படம் எடுப்பது, பழைய வாடிக்கையாளர் பத்துப் பேரிடம் பேசுவது, கேட்டவர் எவருக்கும் அன்றைக்கே விடை சொல்வது, செவ்வாயும் வெள்ளியும் பார்சல் கட்டுவது என்பன போல. இவற்றைச் செய்தோமா இல்லையா என்பது சனிக்கிழமை கூட்டத்தில் ஒரு நொடியில் தெரிந்துவிடும். செய்தும் விற்கவில்லையானால் படத்தையோ விலையையோ மாற்றிப் பார்க்கலாம். செய்யவே இல்லையானால் எதை மாற்றுவது?

பழைய வாடிக்கையாளர் என்றோம். புதியவர் ஆயிரம் பேரைத் தேடுவதைவிட, ஒரு முறை வாங்கியவரை மீண்டும் வாங்கச் செய்வது எளிது. இதில் நுட்பம் ஒன்று உண்டு. வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பட்டியலிலுள்ள பலருக்கும் அனுப்பும் முறையில், நம் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்தவர்க்கே அச்செய்தி சென்று சேரும். இதை அறியாமல், "இருநூறு பேருக்கு அனுப்பினோம், ஒருவரும் கேட்கவில்லை" என்று வருந்திய குழு ஒன்றை அறிவோம். ஒவ்வொரு பார்சலிலும் குழுவின் பெயரும் எண்ணும் எழுதிய சிறு அட்டையை வைத்து, எண்ணைப் பதிந்துகொள்ளுமாறு ஒரு வரி எழுதுங்கள். ஒரு நோட்டில் கேட்டவர், வாங்கியவர், மறுபடி வாங்கியவர் என்று மூன்று பத்தி இடுங்கள். எத்தனை பேர் பார்த்தனர் என்பதற்குப் பத்தி வேண்டாம்.

அடுத்து, நேரம். கைப்பேசி வேலை தருகிறது. வேலையைத் தின்னவும் செய்கிறது. முடைந்துகொண்டே மணிக்கு இருபது முறை அதைப் பார்த்தால் நாலு பெட்டி இரண்டாகும். முன் கூறிய குழுவினர் பகல் 2 மணி முதல் 3 மணி வரையிலும் இரவு சாப்பாட்டுக்குப் பின் அரைமணியும் என்று வைத்துக்கொண்டனர். மற்ற நேரத்தில், இன்ன நேரத்தில் பதில் தருவோம் என்னும் வாசகம் தானாகவே போகும். அச்செயலியில் அதற்கு வசதி இருக்கிறது. கைப்பேசிப் பொறுப்பு மாதம் ஒருவருக்கு. தலைவியின் மகன் மேற்படிப்புக்கு வெளியூர் சென்றபோது கடவுச் சொல்லும் அவனோடு சென்றுவிட்டது. பக்கத்தைத் திறக்கப் பதினைந்து நாள் ஆயிற்று. ஆகையால் குழுவின் பெயரில் தனி எண் ஒன்று இருப்பது அவசியம். பையன்கள் கற்றுக் கொடுக்கட்டும். சாவி நம்மிடம் இருக்கட்டும்.

கூரியர்ச் செலவைப் பற்றி ஒரு வார்த்தை. ஓலைப் பெட்டி எடை குறைவு, ஆனால் இடத்தை அடைக்கும். கூரியர் நிறுவனங்கள் பலவும் பார்சலின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, 5,000-ஆல் வகுத்து, வரும் எண்ணைக் கிலோகிராமாகக் கொண்டு, இதுவும் மெய் எடையும் எது அதிகமோ அதற்குக் கட்டணம் வாங்குகின்றன. 40-க்கு 30-க்கு 25 அளவுள்ள அட்டைப் பெட்டி இவ்வழியில் 6 கிலோ ஆகிவிடும். உள்ளே இருப்பது 2 கிலோ கூட இராது. ஒன்றனுள் ஒன்று அடங்கும் மூன்று பெட்டிகளை ஒரு தொகுதியாக விற்றால் இச்செலவு மூன்றில் ஒன்றாகக் குறைகிறது. படம் எடுக்கும்போதே தொகுதியாக எடுங்கள். விலை சொல்லும்போது கூரியரையும் சேர்த்தே சொல்லுங்கள். பின்னால் சேர்த்தால் வாங்க வந்தவர் மனம் மாறிவிடுவார்.

வரி விஷயம் சுருக்கமாக. பெரிய வியாபாரத் தளங்கள் வழியே பொருள் விற்பவர் எவ்வளவு சிறியவராயினும் ஜி.எஸ்.டி. பதிவு பெற வேண்டும் என்றிருந்த விதி, வரம்புக்குட்பட்ட விற்பனையுடைய சிறு வியாபாரிகளுக்கு, மாநிலத்துக்குள் விற்கும் அளவில், 2023 அக்டோபர் 1 முதல் தளர்த்தப்பட்டது. இதற்கும் வருமான வரித்துறையின் பான் எண்ணைக் கொடுத்து ஒரு சேர்க்கை எண் பெற வேண்டும். ஆகவே முதல் ஆண்டின் குறியை மாநிலத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வது வசதி. அரசின் மதி சந்தைத் தளத்திலும் உங்கள் பொருளைச் சேர்க்கலாம். பணத்தில் எச்சரிக்கை வேண்டும். நமக்கு வரும் பணத்தைப் பெற இரகசிய எண்ணை இட வேண்டியதே இல்லை. பெரிய ஆர்டர் என்று ஆசை காட்டி, முன்பணம் அனுப்புவதாகச் சொல்லி அவ்வெண்ணை இடச் சொல்பவன் திருடன். ஏமாந்துவிட்டால் நாணப்படாமல் உடனே 1930-க்குத் தொலைபேசி செய்யுங்கள்.

அக்குழுவின் தலைவி இன்று இம்முகாமுக்கு வந்திருக்கிறார், பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். தோட்டை மீட்டு எட்டு மாதம் ஆகிறது. விலகிய இருவரில் ஒருவர் திரும்பிவிட்டார்; ஆகவே சுவரில் 150 என்று எழுதியிருந்ததை அழித்து 170 என்று எழுதியிருப்பதாக வழியில் எங்களிடம் சொன்னார். ஆர்டர் எத்தனை வந்திருக்கிறது என்று நாங்கள் கேட்டோம். "ஆவணி முழுக்க நிறைஞ்சிருச்சு, ஐயா, ஐப்பசியில மூணு வாரம் காலியா இருக்கு" என்றார்.

மதிய உணவுக்குப் பின் ஒவ்வொரு குழுவும் தனித்தனியே அமர்ந்து தம் கைக் கணக்கை எழுத வேண்டும். தாளும் பென்சிலும் மேசைமேல் இருக்கின்றன. எங்கள் படிவத்திலுள்ள அந்தப் பழைய கட்டம் இன்னும் போகவில்லை. அதை எடுத்துவிட எழுதியிருக்கிறோம். அதுவரை அதை நாங்கள் நிரப்பிக்கொள்கிறோம். நீங்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.